மூன்று ஷிப்டுக்கு ஒரு கட்டில்

அம்சவல்லி அத்தை வீட்டில் மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறை உண்டு. அதில் ஓர் இரும்புக் கட்டில், ஒரு மின்விசிறி, சுவரில் நான்கு ஆணி. வேறொன்றும் கிடையாது. போன மாதம் வரை, பதினொரு மாதம், அந்தக் கட்டிலில் யாரும் படுக்கவில்லை.

இது எவ்வளவு விசித்திரம் என்று ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். இந்த வருஷம் இங்கே வேலை கிடைப்பதைவிடப் படுக்க இடம் கிடைப்பது கஷ்டம். புதுக் கம்பெனி ஒன்று ஆள் எடுக்கிறது. பையும் பக்கெட்டுமாகப் பையன்கள் தெருத்தெருவாக ஏறி இறங்குகிறார்கள். அத்தை வீட்டுக் கேட்டைத் தட்டாத நாளில்லை.

"மேல ஒரு ரூம் பூட்டியே கெடக்கேக்கா, அதக் குடுக்கலாமே?"

"அதுல ஆளு கீது" என்பாள் அத்தை.

ஆள் கிடையாது. அது தெருவுக்கே தெரியும். அத்தையின் வீட்டுக்காரர் ரகுபதி மாமா ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக இருக்கிறார். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு அவரே சொல்லிச் சிரிப்பார்: "ஊர்ல அவனவன் வாடகை வாங்கி மாடி மேல மாடி கட்டுறான். எங்கூட்டுல காலிக் கட்டிலுக்குக் காவல். கம்பெனி கேட்டுல நான் ஒரு செக்யூரிட்டி, மாடிப்படில அவ ஒரு செக்யூரிட்டி. அவளுக்குச் சம்பளந்தான் இல்ல."

நான் பக்கத்து வீடு. இந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்தேன். பொருளியல் பாடத்தில் தேவை, அளிப்பு, வாய்ப்புச் செலவு என்றெல்லாம் படித்து நல்ல மார்க்கும் வாங்கினேன். ஆனால் அந்தச் சொற்களின் எடை எனக்குத் தெரிந்தது அத்தை வீட்டு மாடிப்படியில்தான். அத்தைக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று தெருவில் பேசுகிறார்கள். நடந்ததை நடந்தபடி ஒருவராவது எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அத்தைக்கு நாற்பத்தாறு வயது. அவளும் மாமாவும் வேர்க்கடலையும் நெல்லும் போட்ட நிலத்தைக் கம்பெனிகள் வந்தபோது விற்றார்கள். வந்த பணத்தில் மாடியில் ஏழு அறைகள் கட்டினார்கள். எட்டாவதாக ஒன்று கட்ட இடம் இல்லை. மாடிப்படி முடிகிற திருப்பத்தைச் சுவர் வைத்து அடைத்ததில் ஒரு கட்டில் மட்டும் போடக்கூடிய அறை கிடைத்தது. ஒரே மகள் கல்யாணமாகிச் செங்கல்பட்டில் இருக்கிறாள். அதன் பிறகு மாடியில் இருக்கும் பையன்கள்தான் அத்தையின் உலகம். ஹாரன் சத்தத்தை வைத்தே எந்தக் கம்பெனி பஸ் என்று சொல்லிவிடுவாள். சட்டை நிறத்தைப் பார்த்து எந்த உற்பத்தி லைன் என்று சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எல்லா மெத்தையையும் மொட்டைமாடியில் வெயில் காட்டுவாள்.

எங்கள் ஊரில் அறையை வாடகைக்கு விடுவதில்லை, கட்டிலைத்தான் விடுகிறார்கள். காலை ஆறு மணிக்கு ஏ ஷிப்டு, மதியம் இரண்டுக்கு பி, இரவு பத்துக்கு சி. ஒருவன் வேலையில் இருக்கும்போது இன்னொருவன் தூங்கலாம். அதனால் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். அதற்கு ஒரு முறை உண்டு. வேலை முடிந்து வருகிறவன், தூங்குகிறவனைப் பெயர் சொல்லி எழுப்பக் கூடாது, தொடக் கூடாது. கட்டிலின் இரும்புக் காலில் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட வேண்டும். அவன் குளித்துவிட்டு வருவதற்குள் இவன் எழுந்து, விரிப்பைத் திருப்பிப் போட்டு, தன் தலையணையை எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பான். முகம் பார்த்து "எழுந்திரு" என்று சொல்ல நேர்ந்தால் சண்டை வரும். தட்டினால் வராது. சிலர் சாவியால் தட்டுவார்கள், சிலர் சாப்பாட்டு டப்பாவால்.

இசக்கியப்பன் கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டின் கிளிப்பால் தட்டுவான். இரண்டே தட்டு, அதுவும் லேசாக. தூங்குகிறவனுக்குக் கேட்டால் போதும் என்கிற மாதிரி.

அவன் நாங்குநேரிப் பக்கம். மாடிப்படி அறையில் இரண்டு வருஷம் இருந்தான். அவனோடு அதே கட்டிலில் நெல்லையப்பன். இருவரும் ஒரே கம்பெனி என்பதால் ஷிப்டு மாறும்போது சேர்ந்தே மாறும், மோதாது. இசக்கி அதிகம் பேச மாட்டான். கேட்டின் தாழ்ப்பாள் உடைந்தபோது யாரும் சொல்லாமலே வெல்டிங் வைத்துக்கொண்டு வந்தான். ஷூவைக் கழற்றி மூன்றாவது படியில் வைப்பான், சாக்ஸை உருட்டி உள்ளே திணித்து. அவன் வந்துவிட்டானா என்று அத்தை அந்தப் படியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

போன வருஷம் அக்டோபரில், கம்பெனிகளில் புது லைன்கள் ஆரம்பித்தன. முந்நூறு பேரை வேலைக்கு எடுக்க ஒரு கம்பெனிக்கு ஒரு வாரம் போதும். முந்நூறு பேர் படுக்க அறை கட்ட ஒரு வருஷம் வேண்டும். தேவை ஒரு வாரத்தில் ஏறிவிட்டது, அளிப்பு நின்ற இடத்தில் நின்றது. கட்டில் அதே கட்டில், மெத்தையில் இருந்த கறைகூட அதே கறை. வாடகை மட்டும் தீபாவளிக்குள் ஒன்றரை மடங்கானது. அத்தை ஏற்றவில்லை. கேட்டில் வந்து நின்றவர்களே ஏற்றினார்கள். "பக்கத்துத் தெருவுல இவ்ளோ கேக்குறாங்கக்கா, நான் அதுக்கு மேலயே தரேன்" என்று அவர்களே சொன்னார்கள்.

அப்போதுதான் அத்தைக்கு அந்த யோசனை வந்தது. ஒரு நாளைக்கு மூன்று ஷிப்டு. கட்டிலில் இரண்டு பேர். அப்படியென்றால் எட்டு மணி நேரம் கட்டில் சும்மா கிடக்கிறது. "சும்மா கெடக்குறதும் நஷ்டந்தானே?" என்றாள் என்னிடம். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வாய்ப்புச் செலவு என்ற சொல்லைக் கேட்டதே இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் விட்டுவிடுகிற அடுத்த நல்ல வழி எதுவோ, அதுதான் நாம் கொடுக்கும் உண்மையான விலை. இதைப் புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்கிறது. அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

மூன்றாவது ஆளாகப் பிரவீன் வந்தான். ஆம்பூர்க்காரன், வேறு கம்பெனி. புது வாடகையை மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டான். மாடிப்படிக்குக் கீழே மாட்டுவதற்கு ஒரு கரும்பலகை வாங்கி வந்து அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"கவி, உன் கையெழுத்து அழகா இருக்கும். மூணு கட்டம் போட்டு, வேலைக்கு யாரு எந்த ஷிப்டுன்னு எழுதிக் குடு."

எழுதினேன். நெல்லையப்பன் ஏ, பிரவீன் பி, இசக்கி சி.

"வாரம் வாரம் ஷிப்டு மாறுமே, அப்ப இன்னா பண்றது?" என்று அவளே கேட்டாள்.

"எல்லாரும் ஒரு படி நகருவாங்க அத்தை. ஏ பி ஆகும், பி சி ஆகும், சி ஏ ஆகும். ஒருத்தரை ஒருத்தர் இடிக்காது."

"பாத்தியா, அதுக்குத்தான் படிக்கணும்ன்றது."

இசக்கியின் கம்பெனியில் அப்படித்தான் நகரும். பிரவீனின் கம்பெனியில் அது தலைகீழ். அங்கே பி-யில் இருப்பவன் அடுத்த வாரம் ஏ-க்கு வருவான். இது எனக்குத் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. எல்லாக் கம்பெனிக்கும் சூரியன் கிழக்கேதானே உதிக்கிறது என்பது போல நினைத்துவிட்டோம்.

முதல் வாரம் கட்டில் ஆறவே இல்லை. ஒருவன் எழுந்த சூட்டில் அடுத்தவன் படுத்தான். அத்தைக்குப் பெருமை.

இரண்டாவது வாரம், நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை. நெல்லையப்பன் பி-க்குப் போய்விட்டான். இசக்கியும் பிரவீனும் இரண்டு பேருமே ஏ ஷிப்டு. காலை முழுக்க, ஆளே இல்லாமல், கட்டில் காலியாகக் கிடந்தது. மதியம் இரண்டரை மணிக்குப் பிரவீனின் பஸ் வந்தது. அவன் போய்ப் படுத்துவிட்டான். மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இசக்கியின் பஸ் வந்தது. ஷூவை மூன்றாவது படியில் வைத்துவிட்டு மேலே போய்த் தட்டினான். கொஞ்ச நேரத்தில் கீழே இறங்கி வந்தான். நான் அத்தையோடு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"யக்கா, அந்தத் தம்பிக்கும் இதே டயந்தானாம். எந்திரிக்க மாட்டேங்கான்."

அத்தை எழுந்து பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் பலகையைப் பார்த்தேன். என் எழுத்து அழகாகத்தான் இருந்தது.

"ஒரு வாரம் அட்ஜஸ் பண்ணிக்கப்பா" என்றாள் அத்தை. "அந்தப் புள்ள புது ரேட்டு குடுத்துக் கீறான். அவன எழுப்பி வுட்டா போயிடுவான். நீ நம்ம புள்ள."

"சரிக்கா" என்றான் இசக்கி.

அவ்வளவுதான் பேச்சு. அவன் குரலில் கோபம் இருந்ததா என்று அத்தை என்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். இல்லை. அதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்கிறது. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள், சண்டை வந்திருக்கும், சண்டையில் ஏதாவது வழி பிறந்திருக்கும்.

அன்றைக்குப் படியிலேயே உட்கார்ந்து சுவரில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்தான். மழைக்காலம். மொட்டைமாடி ஈரம். இரவில் கட்டில் நெல்லையப்பனுக்கு. மறுநாளிலிருந்து இசக்கி மதிய பஸ்ஸில் வரவில்லை. ஓ.டி. கேட்டு வாங்கிக்கொண்டு பி ஷிப்டும் சேர்த்துப் பார்த்தான். காலை ஆறிலிருந்து இரவு பத்துவரை. லைனில் ஆள் குறைவு, சூப்பர்வைசருக்கு நிம்மதி. இரவு வந்து படியில் சுருண்டு, விடியும் முன் எழுந்து போய்விடுவான். செவ்வாய், புதன், வியாழன்.

இதை நான் பல நாள் யோசித்தேன். ஒருவன் ஓ.டி. பார்க்கிறான் என்றால் அந்த எட்டு மணி நேரத்தில் அவன் இழப்பது என்ன? வீடு இருப்பவன் வீட்டை இழக்கிறான். கட்டில் இருப்பவன் தூக்கத்தை இழக்கிறான். அதனால்தான் கம்பெனி அதற்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டியிருக்கிறது. இசக்கி இழப்பதற்கு என்ன இருந்தது? ஈரப் படி ஒன்று. ஓ.டி.க்கு அவன் கொடுத்த வாய்ப்புச் செலவு கிட்டத்தட்டச் சுழியம். அவனை யாரும் வேலையில் பிடித்துத் தள்ளவில்லை. போவதற்கு வேறு இடம் இல்லாதபடி ஆக்கினோம், அவனாகவே போனான்.

வெள்ளிக்கிழமை லைனில் சாமான் வரவில்லை என்று ஷிப்டை அரை மணி முன்னதாகவே முடித்து, ஓ.டி.யும் கிடையாது என்றுவிட்டார்கள். மதிய பஸ்ஸில் ஏறினான். பஸ்ஸில் தூங்கிவிட்டான். எங்கள் ஊர் நிறுத்தத்தைத் தாண்டி ஒன்றரைக் கிலோமீட்டர் போனபின் விழித்து, இறங்கி, திரும்பி நடந்திருக்கிறான். பெரிய சாலையைக் கடக்கும்போது கார் ஏற்றிப்போகும் டிரெய்லர் லாரி அடித்தது. அப்போது மணி இரண்டே முக்கால் இருக்கும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பிரவீன் மாடியிலிருந்து தலையணையோடு இறங்கி வந்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டே, "இசக்கி அண்ணன் எங்கக்கா? குளிக்கப் போயிட்டாரா?" என்றான்.

"அவன் எங்கப்பா வந்தான்? ஓ.டி. இல்ல?"

"இல்லக்கா, கட்டில் காலத் தட்னாரே. பாவம், இன்னிக்கு அவர் படுக்கட்டும்னுதான் எழுந்து வந்தேன்."

அத்தை மூன்றாவது படியைப் பார்த்தாள். ஷூ இல்லை.

அரை மணி நேரம் கழித்துத்தான் இசக்கி செத்துப்போனான் என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது.

பிரவீன் அந்த வாரமே வேறு இடம் பார்த்துப் போய்விட்டான். நெல்லையப்பனும் மாதக் கடைசியில் மறைமலை நகர் பக்கம் மாறிவிட்டான். அத்தை அறையைப் பூட்டினாள். பலகையைக் கழற்றவில்லை, அழிக்கவும் இல்லை. அந்த வாடகை போனதை ஈடுகட்ட ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவும் வேலைக்குப் போனாள். காலையில் போய் மதியம் இரண்டரைக்குள் ஓடி வந்துவிடுவாள். மூன்றுக்குப் பத்து இருக்கும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

"ஏம்மே, ரூம வாடகைக்கு வுட்டா இந்தத் தட்டு கழுவுற வேல தேவையா?" என்று மாமா கேட்பார்.

"அவன் வந்து தட்னா கட்டில் காலியா இருக்கணும்" என்பாள்.

தினமும் அந்த நேரத்தில் கட்டில் காலைத் தட்டும் சத்தம் கேட்கிறது என்று அவள் சொல்வதை நான் முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு நாள் எங்கள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது நானும் கேட்டேன். டக், டக். லேசாக. தண்ணீர்க் குழாய் வெயிலில் விரிந்தால் அப்படிச் சத்தம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மணி பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

புத்தகத்தில் தேவைக்கு ஒரு விளக்கம் உண்டு. வெறும் ஆசை தேவையாகாது. வாங்கும் சக்தியும் கொடுக்கும் மனசும் சேர்ந்தால்தான் தேவை. அந்த விளக்கப்படி அந்தத் திங்கட்கிழமை கட்டிலுக்கு ஒரே ஒரு தேவைதான் இருந்தது, பிரவீனுடையது. இசக்கிக்கு இருந்தது ஆசை. அவன் பேரம் பேசவில்லை. பேரம் பேசாதவனுடைய தூக்கத்தை எந்தத் தேவைக் கோட்டிலும் வரைய முடியாது. அவன் இழந்ததை யாரும் விலையில் சேர்க்கவில்லை. அத்தைதான் பதினொரு மாதமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி வெயில். அத்தையும் நானும் மெத்தைகளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தோம். கேட்டில் ஒரு பையன் நின்றான். ஒரு பை, அதன் மேல் சுருட்டிய பாய்.

"யக்கா, கட்டிலு ஒண்ணு கெடைக்குமா?"

"ஃபுல்லுப்பா."

"மூணு நாளா அலையுதேன்க்கா. குன்றத்தூர்ல ஒரு கூட்டாளி ரூம்ல பதினோரு பேரு படுத்திருக்கானுவ, கால நீட்ட முடியல. எங்க கம்பெனி பஸ்ஸு அங்க வராதுன்னும் சொல்லிட்டாவ. நாளைக்கு டூட்டி சேரணும்." கொஞ்சம் தயங்கினான். "எங்கண்ணன் ஒங்க வீட்டுலதான் இருந்தான். இசக்கியப்பன். நான் அவன் தம்பி, வேல்ராஜு."

அத்தையின் கையிலிருந்த மெத்தை நழுவிக் கைப்பிடிச் சுவரில் தொங்கியது. நான் ஓடிப் போய்ப் பிடித்தேன்.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டாள். பசி அவனுக்கு. தலை நிமிராமல் சாப்பிட்டான். அண்ணனைப் போலவே காது. அத்தை அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல அம்மா எப்டி கீறாங்க?"

"இருக்கா. இன்னமும் அவன ஏசிக்கிட்டேதான் இருக்கா. மழைக்காலத்துல மூணு நாளு பதினாறு மணி நேரம் வேல பாத்துருக்கான்னு கம்பெனிக்காரவுக சொன்னாவல்லா, அதுலேருந்து. 'துட்டு துட்டுன்னு அலைஞ்சு செத்தான் படுபாவி'ம்பா." சோற்றைப் பிசைந்தான். "எங்க தங்கச்சி இசக்கிசெல்விக்கு அப்ப கல்யாணம் பேசிக்கிட்டு இருந்தோம். தனக்கு நகை சேக்கத்தான் அவன் ஓ.டி. பாத்தான்னு அவ நெனப்பு. கல்யாணமே வேண்டாம்னுட்டா. கண்ணாடி முன்னால நின்னு தலகூட வாரமாட்டேங்காக்கா அவ."

அத்தை என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பிரவீன் எங்கோ, நெல்லையப்பன் எங்கோ. நான் சொல்ல மாட்டேன். அவனுக்கு ஒரு கட்டிலைக் கொடுத்துவிட்டு நல்லவள் என்று பெயர் வாங்கியிருக்கலாம்.

"உங்கண்ணன் துட்டுக்கு ஓ.டி. பாக்கல தம்பி" என்றாள். "படுக்க எடமில்லாம பாத்தான். அந்த எடத்த எடுத்து வேற ஒருத்தனுக்குக் குடுத்தது நான்."

பலகை, மூன்றாவது ஆள், திங்கட்கிழமை, "அட்ஜஸ் பண்ணிக்கப்பா", எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை. பலகையில் தப்பாக எழுதியது நான் என்பதை மட்டும் சொல்லவில்லை. நானே சொன்னேன்.

வேல்ராஜ் கையைக் கழுவவில்லை. எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். கை காய்ந்துபோயிற்று. பிறகு எழுந்து வாசலுக்குப் போய் ஊருக்குப் போன் போட்டான்.

"ஏட்டி செல்வி... ஒன்னால இல்லட்டி. நான் சொல்லுதத கேளு. ஒன் நகைக்கும் இல்ல ஒண்ணுக்கும் இல்ல. படுக்க எடமில்லாமப் போயிருக்கான்... ஆமா... அம்மைகிட்ட குடு. அவன ஏசாதன்னு சொல்லணும்."

வெகுநேரம் பேசினான். அத்தை சமையல்கட்டில் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுப்பு எரியவில்லை.

திரும்பி வந்தபோது அவன் முகம் பெரிய ஆளின் முகமாக இருந்தது. "பரவால்லக்கான்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றான்.

"நீ சொல்ல வோணாம்."

"ஆனா நாளைக்கு எனக்கு நைட்டு ஷிப்டு. செவ்வாக்கெழம காலைல வந்து எங்கயாவது ஒறங்கணும். வேற எடம் இல்ல. அந்தக் கட்டிலக் குடுங்க."

அத்தைக்கு அந்தப் பதில் உதடு வரை வந்ததை நான் பார்த்தேன். அதுல ஆளு கீது. "கீழ கூடத்துல படுத்துக்கயேன்" என்றாள்.

"அவன் கட்டிலுதான் வேணும். சும்மா வேண்டாம். ஊர்ல என்ன ரேட்டோ அதத் தாரேன். சும்மா குடுத்தா நான் படுக்க மாட்டேன்."

அவள் சாவியை எடுக்க நேரமாயிற்று. எடுத்தாள். "உனக்கு மட்டும்தான். ரெண்டாவது ஆள் கெடையாது."

எனக்கு உடனே கேட்டில் வந்து திரும்பிப் போன பையன்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். மூன்று பேர் படுக்கக்கூடிய கட்டில் ஒருவனுக்குப் போகிறது. மற்ற இரண்டு பேர் இன்னும் எங்கோ பாயோடு அலைவார்கள். இதற்கும் விலை உண்டு. எதற்குத்தான் இல்லை? ஆனால் அன்றைக்கு அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மெத்தையை மறுபடி வெயில் காட்டினோம். பலகையைத் துடைத்து, சி என்ற கட்டத்தில் வேல்ராஜ் என்று எழுதினேன். ஏ கட்டத்தையும் பி கட்டத்தையும் காலியாக விட்டேன். கம்பெனியில் ஷிப்டு எந்தப் பக்கம் நகரும் என்று இந்தத் தடவை கேட்டு எழுதினேன். கட்டிலின் காலைத் தட்டும் முறையைப் பற்றி அவனிடம் யாரும் சொல்லவில்லை. தனியாகப் படுப்பவனுக்கு அது எதற்கு?

மீதிச் சாமான் எடுக்கக் கூட்டாளி ரூமுக்குப் போனவன், திங்கள் இரவு டூட்டி முடித்துச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தான். ஷூவை முதல் படியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, சாப்பிடக்கூட இல்லாமல் மேலே போய் விழுந்தான். காற்றுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தான். அத்தை அன்று கேன்டீனுக்குப் போகவில்லை.

இரண்டரை மணிக்கு என்னைக் கூப்பிட்டாள். "தனியா இருக்க ஒரு மாதிரி கீது கவி. செத்த நேரம் இரு."

இருவரும் படியின் அடியில் உட்கார்ந்தோம். தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை அவளுக்கு.

சத்தம் எதுவும் வரவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். குழாய்ச் சத்தம்கூட இல்லை. அத்தை மெதுவாகப் படி ஏறினாள், நான் பின்னால். மூன்றாவது படியைத் தாண்டும்போது அவள் காலை எட்டி வைத்தாள், அங்கே ஏதோ வைத்திருப்பது போல.

வேல்ராஜ் நல்ல தூக்கத்தில் இருந்தான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து உட்கார்ந்தான். கண் மூடியே இருந்தது. விரிப்பின் ஒரு பாதியை இழுத்துத் திருப்பிப் போட்டான். தலையணையைச் சுவர்ப்பக்கம் நகர்த்தினான்.

"படுண்ணே" என்றான்.

சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்து மறுபடி தூங்கிப்போனான். கட்டிலில் பாதி காலியாக இருந்தது.

அத்தை என் கையைப் பிடித்திருந்தாள். அழவில்லை. அவள் உள்ளே போய் மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வந்தாள். இசக்கிக்கு அதிகக் காற்று ஒத்துக்கொள்ளாது.

ஐந்து மணிக்கு வேல்ராஜ் இறங்கி வந்தான். முகம் தெளிந்திருந்தது. நாலு நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கியவனின் முகம். டீயை வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.

"நல்லா ஒறங்கிட்டேன்க்கா" என்றான். ஒரு வாய் குடித்துவிட்டு, "கட்டிலுதான் கொஞ்சம் ஒடுக்கமா இருக்கு" என்றான்.

"பழகிடும்பா" என்றாள் அத்தை.